மக்கார்தர் குடும்பமும் காம்டன் பண்ணையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் காலனியில் 1790ஆம் ஆண்டு வந்திறங்கிய மக்கார்தர் குடும்பத்தைப் பற்றி வாசகர்கள் வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. பள்ளிப் பாடங்களில் இந்தக் குடும்பம் ஓர் ஆணின் பெயராலும் ஒரு செம்மறியாட்டு இனத்தாலும் மட்டும் நினைக்கப்படுகிறது. அந்த நினைவில் விடுபட்டவர்களுக்குக் கீழுள்ள விடைகளில் கூடுதல் இடம் தரப்பட்டிருக்கிறது.

எத்தனையோ குடியேறிக் குடும்பங்கள் இருக்க, மக்கார்தர் குடும்பம் மட்டும் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

முதற்காரணம் கம்பளி. ஆஸ்திரேலியப் பொருளாதாரத்தை ஒரு நூற்றாண்டுக்கு மேல் தாங்கி நின்ற, மெரினோ என்ற மெல்லிய கம்பளி ஆட்டினத் தொழிலின் தொடக்கத்தோடு ஜான் மக்கார்தரின் பெயர் பிணைக்கப்பட்டிருக்கிறது. 1966இல் வெளியான ஆஸ்திரேலிய இரண்டு டாலர் தாளில் அவருடைய உருவமும் மெரினோ ஆடும் அச்சிடப்பட்டிருந்தன.

இரண்டாவது காரணம் அதைவிட முக்கியமானது என்பது என் கருத்து. இந்தக் குடும்பத்தார் ஓயாமல் கடிதம் எழுதினார்கள். எழுதியவற்றைத் தூக்கி எறியாமல் தலைமுறை தலைமுறையாகக் காத்தார்கள். அந்தத் தாள்கள் இன்று சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகத்தில் இருக்கின்றன. எழுத்து வைத்திருப்பவன் வரலாற்றை வைத்திருக்கிறான் என்பதற்கு இக்குடும்பத்தின் புகழ் ஒரு நல்ல சான்று. ஆனால் அதே தாள்களை நிதானமாகப் படிக்கும்போது, அந்தப் புகழுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களும் அவற்றிலேயே தென்படுகிறார்கள்.

ஜானும் எலிசபெத்தும் பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர்களா?

இல்லை. ஜான் மக்கார்தர் 1767இல் இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்தை அடுத்த பகுதியில் துணி வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பிற்காலத்தில் காலனியில் அவரைப் பிடிக்காதவர்கள், தந்தையின் தொழிலைக் குத்திக்காட்டி ‘கச்சுக்கார ஜாக்’ என்று பொருள்படும் பட்டப்பெயரால் அவரை அழைத்தனர். போர் இல்லாத காலத்தில் அரைச்சம்பளத்தில் காத்திருந்த இளநிலை இராணுவ அதிகாரியாகவே அவருடைய இளமை கழிந்தது.

எலிசபெத் வீல் 1766இல் டெவன் மாவட்டத்தின் பிரிட்ஜ்ரூல் என்ற சிற்றூரில் ஓர் உழவர் வீட்டில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, ஊர்ப் பாதிரியார் கிங்டன் என்பவரின் வீட்டுப் பிள்ளைகளோடு கல்வி கற்றார். அந்த வீட்டுப் பெண் பிரிட்ஜெட்டுக்கு அவர் பின்னாளில் சிட்னியிலிருந்து எழுதிய கடிதங்கள்தாம், அக்காலனியின் முதல் ஆண்டுகளை ஒரு பெண்ணின் கண்வழியே நமக்குக் காட்டுகின்றன. இருவரும் 1788 அக்டோபரில் மணந்துகொண்டனர். அடுத்த ஆண்டே, பதவி உயர்வுக்கு வேறு வழி தெரியாத ஜான், புதிதாகத் திரட்டப்பட்ட நியூ சவுத் வேல்ஸ் படைப்பிரிவில் லெப்டினன்ட்டாகச் சேர்ந்தார்.

அவர்கள் எந்தக் கப்பலில் வந்தார்கள்?

‘இரண்டாம் கப்பற்படை’ என்று அழைக்கப்படும் கப்பல் வரிசையில் வந்தார்கள். கைக்குழந்தை எட்வர்டுடன் ‘நெப்டியூன்’ என்ற கப்பலில் ஏறினர். புறப்படுமுன்பே ஜானுக்கும் கப்பல் தலைவனுக்கும் மனத்தாங்கல் முற்றி, இருவரும் கைத்துப்பாக்கியோடு துவந்த யுத்தத்தில் எதிரெதிரே நின்றனர். அப்போது யாருக்கும் காயமில்லை. பெண் கைதிகள் அடைக்கப்பட்டிருந்த பகுதியை ஒட்டியிருந்த அறையில் துர்நாற்றமும் நோயும் தாங்க முடியாமல், நடுக்கடலில் குடும்பம் ‘ஸ்கார்பரோ’ என்ற வேறு கப்பலுக்கு மாறியது. அப்பயணத்தில் எலிசபெத் பெற்றெடுத்த பெண்குழந்தை கடலிலேயே இறந்தது. 1790 ஜூன் 28 அன்று அவர்கள் சிட்னி துறைமுகத்தை அடைந்தனர்.

அந்தக் கப்பல்களை அனுப்பிய நிறுவனம் அடிமை வணிகத்தில் பழகியது. கரைசேரும் தலைக்கு இவ்வளவு என்றில்லாமல், ஏற்றப்படும் தலைக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் போடப்பட்டிருந்ததால், வழியில் ஒரு கைதி இறந்தால் அவனுடைய சாப்பாட்டுச் செலவு மிச்சம் என்றே கணக்கு நின்றது. சுமார் 1,000 கைதிகளில் நான்கில் ஒருவர் கடலிலேயே மடிந்தனர். அதே கப்பலின் மேல்தட்டு அறையில் வந்தவர்கள் என்ற நினைவோடுதான் மக்கார்தர்களின் துன்பத்தையும் அளக்க வேண்டும்.

நிலம் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது? விலைக்கு வாங்கினார்களா?

தொடக்கத்தில் வாங்கவில்லை, மானியமாகப் பெற்றனர். ஆளுநர் ஆர்தர் பிலிப் 1792 இறுதியில் தாய்நாடு திரும்பியதும், படைப்பிரிவின் தலைவர் பிரான்சிஸ் குரோஸ் தற்காலிகமாக ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். தம் அதிகாரிகளுக்கு அவர் நிலத்தையும், அதை உழக் கைதிகளையும், அக்கைதிகளுக்கு அரசுக் களஞ்சியத்திலிருந்து உணவையும் தாராளமாக வழங்கினார். 1793 பிப்ரவரியில், சிட்னிக்கு மேற்கே உள்ள பாரமட்டாவில் ஜானுக்கு 100 ஏக்கர் கிடைத்தது. மனைவியின் பெயரால் அதற்கு எலிசபெத் பண்ணை என்று பெயரிட்டார். அங்கே அவர் கட்டிய செங்கல் வீடு 68 அடி நீளமும் 18 அடி அகலமும் கொண்டது. மாடியில்லை, தரைத்தளத்தில் நான்கு அறைகளும் ஒரு கூடமும் இருந்தன. ஆஸ்திரேலியாவில் இன்றும் நிற்கும் ஐரோப்பியக் கட்டடங்களில் மிகப் பழையதாக அதன் எஞ்சிய பகுதி கருதப்படுகிறது.

ஜான் கூடவே படைப்பிரிவின் சம்பளப் பட்டுவாடா அதிகாரியாகவும் பொதுப்பணிகளின் கண்காணிப்பாளராகவும் இருந்தார். காசு கையில் புரளாத காலனியில், கப்பல்களில் வந்த சாராயத்தையும் பிற சரக்குகளையும் அதிகாரிகள் கூட்டாக வாங்கிப் பன்மடங்கு விலைக்கு விற்ற வணிகத்தில் அவருக்கும் பங்குண்டு. பண்ணை வளர்ந்தது உழைப்பால் மட்டும் என்று சொல்வது முழு உண்மையாகாது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு உதவும். தண்டனை முடிந்து விடுதலையான கைதி ஒருவருக்கு வழக்கமாகக் கிடைத்த மானியம் 30 ஏக்கர். மணமாகியிருந்தால் கூடுதலாக 20 ஏக்கர், குழந்தை ஒன்றுக்கு 10 ஏக்கர். 1804இல் ஜானுக்கு லண்டனில் ஒப்புதலான மானியமோ 5,000 ஏக்கர். அதற்கு உத்தரவிட்ட அமைச்சர் காம்டன் பிரபுவின் பெயரே பண்ணைக்கும், பின்னர் அதையொட்டி எழுந்த ஊருக்கும் ஆயிற்று.

அதற்கு முன் அந்த நிலம் யாருடையது?

பாரமட்டாப் பகுதி தாருக் மக்களில் புரமட்டகல் குலத்தாருடையது. ஊரின் பெயரே அவர்களுடைய சொல்லிலிருந்து வந்தது. காம்டன் பகுதி தரவால் மக்களின் நிலம். மேற்கே மலைப்பக்கத்தில் குந்துங்கரா மக்கள் வாழ்ந்தனர். எவரோடும் ஒப்பந்தம் செய்யப்படவில்லை. எவருக்கும் விலை கொடுக்கப்படவில்லை. யாருக்கும் உரிமையில்லாத நிலம் என்ற சட்டக் கற்பனையின் மேல் அந்த மானியங்கள் எழுதப்பட்டன. அந்தக் கற்பனையை ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் நிராகரித்தது 1992இல்தான்.

காம்டனுக்கு வெள்ளையர் வைத்த முதல் பெயர் ‘மாட்டு மேய்ச்சல்வெளி’ என்ற பொருளுடையது. 1788இல் முதற்குடியேற்றத்திலிருந்து தப்பியோடிய சில மாடுகள் அங்கே பெருகிக் கிடந்ததை 1795இல் கண்டுபிடித்தனர். தலைமுறை தலைமுறையாகத் தீயிட்டுப் பராமரிக்கப்பட்டு வந்த புல்வெளியின் செழிப்பு மாடுகளுக்குத் தெரிந்தது, ஆளுநர்களுக்கும் தெரிந்தது, அதை அவ்வாறு ஆக்கியவர்கள் யார் என்ற கேள்வியை எழுப்பியவர் அன்று குறைவு.

உறவு எப்போதும் பகையாகவே இருந்ததென்றும் சொல்ல முடியாது. குடியேறிகளை எதிர்த்துப் பல ஆண்டுகள் போரிட்ட பெமுல்வுய் என்பவரின் மகன் டெட்பரி, எலிசபெத் பண்ணைக்கு வந்து போகும் பழக்கமுடையவராக இருந்தார். ஜானுக்கு ஆளுநரால் தீங்கு என்று கேள்விப்பட்டு ஈட்டியோடு புறப்பட்டார் என்றொரு செய்தியும் உண்டு. எனினும் வறட்சியும் மேய்ச்சல் நிலங்களின் விரிவும் சேர்ந்து, 1814 முதல் 1816 வரை காம்டன் சுற்றுவட்டாரத்தை இரத்தக்களமாக்கின. பண்ணையாட்கள் சிலர் கொல்லப்பட்டனர்; தரவால் பெண்களும் குழந்தைகளும் அதற்கு முன்னும் பின்னும் கொல்லப்பட்டனர். 1816 ஏப்ரல் 17 அன்று விடியற்காலையில், ஆளுநர் மக்குவாரி அனுப்பிய சிப்பாய்கள் ஆப்பின் என்ற இடத்தருகே ஒரு முகாமைச் சூழ்ந்தனர். சுடப்பட்டும் பள்ளத்தாக்கின் செங்குத்தான பாறையிலிருந்து விழுந்தும் குறைந்தது 14 பேர் இறந்தனர். கொல்லப்பட்டவர்களில் கன்னபாய்கல் என்ற தலைவரும் ஒருவர். அவருடைய மண்டையோடு எடின்பரோவுக்கு அனுப்பப்பட்டு, 1991இல்தான் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பியது. மக்கார்தர்களின் செம்மறிகள் அந்த மேய்ச்சல்வெளியில் அச்சமின்றிப் பெருகியது இதற்குப் பிறகே.

முதல் செம்மறிகள் இந்தியாவிலிருந்து வந்தவை என்பது உண்மையா?

ஆம். 1794இல் ஜான், கல்கத்தாவிலிருந்து வந்த கப்பலில் 60 வங்காளப் பெட்டையாடுகளை வாங்கினார். அவை கம்பளி தராதவை. நம் ஊர்ச் செம்மறிகளைப் போலவே உடம்பில் முடி மட்டும் உள்ளவை. அவற்றோடு அயர்லாந்து ஆடுகளைச் சேர்த்தபோது குட்டிகளின் மேனியில் முடியும் கம்பளியும் கலந்து வளர்ந்ததைக் கண்டே, கலப்பால் கம்பளியை மேம்படுத்தலாம் என்ற எண்ணம் தமக்கு உண்டானதாக அவர் பின்னர் எழுதினார். 1797இல் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்து கடற்படை அதிகாரிகள் இருவர் ஸ்பானிய மெரினோக்களைக் கொண்டுவந்தபோது, பலரோடு அவரும் சிலவற்றைப் பெற்றார்.

இங்கே ஒரு சிறு இடைக்குறிப்பு: தமிழ்நாட்டில் கம்பளிக்கென வளர்க்கப்படும் நீலகிரிச் செம்மறி இனமும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் உள்ளூர் ஆடுகளோடு டாஸ்மேனிய மெரினோவையும் வேறு சில இனங்களையும் கலந்து உருவானதே. வங்காள ஆடு தெற்கே போனது. சில பத்தாண்டுகள் கழித்து அந்தத் தெற்கிலிருந்து மெரினோ உதகைக்கு வந்தது.

அப்படியானால் ஜான் ‘ஆஸ்திரேலியக் கம்பளியின் தந்தை’ என்பது சரிதானே?

பாதி சரி. மெரினோவைத் தூய இனமாகக் காக்க வேண்டும் என்ற பிடிவாதமும், லண்டனில் அதற்குச் சந்தையும் அரசு ஆதரவும் தேடும் சாமர்த்தியமும் அவரிடம் மற்றவர்களைவிட மிகுதி. 1801இல் தம் மேலதிகாரி பேட்டர்சனைத் துவந்த யுத்தத்தில் சுட்டுக் காயப்படுத்தியதற்காக, ஆளுநர் கிங் அவரை விசாரணைக்கு இங்கிலாந்து அனுப்பினார். தண்டனையாக அனுப்பப்பட்டவர் அதையே வாய்ப்பாக்கிக்கொண்டார். ஸ்பெயினிலிருந்து வரும் மெல்லிய கம்பளிக்குத் தட்டுப்பாடு வருமோ என்று கவலையில் இருந்த துணி ஆலைக்காரர்களிடம் தம் மாதிரிக் கம்பளியைக் காட்டி, 1804இல் அரசரின் மந்தையிலிருந்தே மெரினோக்களை ஏலத்தில் எடுத்து, நில மானியத்துக்கான உத்தரவோடு 1805இல் சிட்னிக்குத் திரும்பினார். திரும்பி வந்த கப்பலின் பெயர் ‘ஆர்கோ’. கிரேக்கப் பழங்கதையில் பொன்மயிர்த் தோலைத் தேடிச் சென்ற கப்பலின் பெயர் அது. தம்மைப் பற்றிய கதையைத் தாமே எழுதிக்கொள்ளும் குணம் அவருக்கு அப்போதே இருந்தது.

மறுபாதியில் பலர் இருக்கிறார்கள். பாரமட்டாவின் பாதிரியார் சாமுவேல் மார்ஸ்டனும் அதே காலத்தில் மெரினோ வளர்த்தார். தம் ஆட்டுக் கம்பளியில் நெய்த உடையை இங்கிலாந்து அரசருக்குக் காட்டி, அவரிடமிருந்தே ஆடுகளைப் பெற்றார். 1820களில் ஜெர்மனியின் சாக்சனி மெரினோக்களைப் பிறர் கொண்டுவந்தனர். இன்றைய ஆஸ்திரேலிய மெரினோவில் பெரும்பகுதி, 1860களுக்குப் பின் பெப்பின் குடும்பத்தார் வறண்ட உள்நாட்டுக்கேற்ப உருவாக்கிய மந்தையின் வழிவந்தது. அதில் காம்டன் இரத்தத்தின் பங்கு சிறியதே.

அவ்வளவு தொலைவிலிருந்து ஏன் கம்பளி? தானியம் பயிரிட்டிருக்கலாமே?

கப்பல் பயணம் ஐந்தாறு மாதம். தானியம் வழியில் கெடும், விலையோ மலிவு. கம்பளி கெடாது, எடைக்கு விலை அதிகம், அழுத்திக் கட்டினால் இடமும் குறைவு. சில நூறு ஆடுகளைப் பகலில் ஓர் இடையன் மேய்த்து, இரவில் பட்டியில் அடைத்து எண்ணிக் காட்டினால் போதும் என்பதால், ஆள் பற்றாக்குறையான காலனிக்கு அது பொருந்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் பிரிட்டனின் ஆலைகளுக்கு ஸ்பெயினையும் ஜெர்மனியையும்விட ஆஸ்திரேலியாவே அதிகக் கம்பளி அனுப்பியது.

‘ரம் கலகம்’ என்பது என்ன? அதில் இவர்களுக்கு என்ன பங்கு?

1808 ஜனவரி 26 அன்று, படைப்பிரிவின் தலைவர் ஜார்ஜ் ஜான்ஸ்டன் சிப்பாய்களோடு ஆளுநர் மாளிகைக்கு அணிவகுத்துச் சென்று ஆளுநர் வில்லியம் பிளையைக் கைது செய்தார். ஆஸ்திரேலிய வரலாற்றில் இராணுவம் அரசைக் கவிழ்த்த ஒரே நிகழ்வு இது. கைது செய்யும்படி கேட்டுக்கொண்ட விண்ணப்பத்தை எழுதியவர் ஜான் மக்கார்தர்.

ஜானுக்குப் பங்கிருந்த ஒரு கப்பலில் கைதி ஒருவன் ஒளிந்து தாகித்திக்குத் தப்பியோடியதும், அதற்காக 900 பவுன் பிணைத்தொகை பறிமுதலானதும், ஜான் அதை ஏற்க மறுத்ததும் உடனடிக் காரணங்கள். விசாரணை நடத்த வந்த நீதிபதி அட்கின்ஸ் தமக்குக் கடன் பாக்கி வைத்திருப்பவர் என்று ஜான் ஆட்சேபித்தார். உடன் அமர்ந்திருந்த ஆறு அதிகாரிகளும் ஜான் பக்கம் சாய்ந்தனர். இதற்கெல்லாம் அடியில் கிடந்தது, நிலத்தையும் சரக்கையும் கட்டுப்படுத்துவது ஆளுநரா, அதிகாரிகளா என்ற பழைய வழக்கு. சாராயம் அதில் ஒரு பகுதி மட்டுமே. கலகத்தின் பெயரும் பின்னாளில் வைக்கப்பட்டதே.

விளைவு சுருக்கமானது. 1809இல் ஜானும் ஜான்ஸ்டனும் இங்கிலாந்து சென்றனர். ஜான்ஸ்டன் 1811இல் பதவி பறிக்கப்பட்டார். இராணுவத்தை விட்டு முன்பே விலகியிருந்த ஜானை அங்கே விசாரிக்க இயலவில்லை. சிட்னியில் கால் வைத்தால் கைது என்ற நிலை. எட்டாண்டுகள் அவர் திரும்பவில்லை.

அந்த எட்டாண்டுகள் பண்ணையை நடத்தியவர் யார்?

எலிசபெத். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்க நேரம் உண்டென்றால் இதைப் படிக்கலாம்.

1801 முதல் 1805 வரை ஒரு முறையும், 1809 முதல் 1817 வரை மறுமுறையும், ஆக ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் கணவர் கடலுக்கு அப்பால் இருந்தார். மெரினோ மந்தை உருப்பெற்றது பெரும்பாலும் இந்த ஆண்டுகளில். எந்தக் கிடாவை எந்தப் பெட்டையோடு விடுவது, எதைக் கழிப்பது, எப்போது உரோமம் கத்தரிப்பது, கத்தரித்ததைக் கழுவித் தரம் பிரித்து எந்தக் கப்பலில் ஏற்றுவது, வறட்சியில் மந்தையை எங்கே நகர்த்துவது என்பவற்றை அன்றாடம் முடிவு செய்தவர் அவர். லண்டனிலிருந்து ஜான் யோசனைகள் எழுதி அனுப்பினார் என்பது உண்மை. ஆனால் கடிதம் ஒன்று போய்ப் பதில் வர ஓராண்டு பிடித்தது. ஆட்டுக்கு நோய் கண்டால் ஓராண்டு காத்திருக்க முடியாது. கம்பளியோடு தானிய விளைச்சல், குதிரைகள், கைதி வேலையாட்களின் உணவும் ஒழுங்கும், கணவரின் கடன்காரர்கள், மாறி மாறி வந்த ஆளுநர்களோடு முகம் கோணாத உறவு ஆகிய அனைத்தும் அவர் தலையில் விழுந்தன. கணவர் சண்டையிட்ட ஆளுநர்களின் வீட்டுப் பெண்களோடு அவர் நட்பாகவே இருந்தார். ஆளுநர் மக்குவாரி, வேளாண்மையில் அவர் காட்டிய முயற்சியைப் பாராட்டிப் பாரமட்டாவுக்கருகே 600 ஏக்கர் வழங்கினார்.

1822இல் லண்டனில் கலைகளையும் தொழில்களையும் ஊக்குவித்த ஒரு சங்கம், அளவிலும் தரத்திலும் சிறந்த நியூ சவுத் வேல்ஸ் கம்பளிக்காக இரண்டு தங்கப் பதக்கங்களை அளித்தது. பதக்கங்களில் பொறிக்கப்பட்ட பெயர் ஜான் மக்கார்தர். ஆண்டுக் கணக்கைப் பார்த்தால், அந்த மந்தையின் வளர்ப்பில் பாதிக்கு மேல் யாருடைய கையில் நடந்தது என்பது புரியும். குடும்ப ஆவணங்களைத் தொகுத்து 1914இல் வெளியிட்டவர் எலிசபெத்தின் கொள்ளுப்பேத்தி சிபெல்லா. அதன் பிறகே எலிசபெத்தின் குரல் வெளியாருக்குப் பரவலாகக் கேட்டது.

அவருடைய முதல் ஆண்டுகளைப் பற்றிய ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தமானது. சிட்னியில் பேசப் பெண் துணையின்றித் தவித்த அவர், படை அதிகாரி டாஸ் என்பவரிடம் வானியலையும் தாவரவியலையும் கற்க முயன்றார். கப்பல் மருத்துவர் ஜார்ஜ் வோர்கன் 1791இல் நாடு திரும்பும்போது தம் பியானோவை அவருக்கே கொடுத்துவிட்டுப் போனார். ஆஸ்திரேலியாவுக்கு வந்த முதல் பியானோ அதுவே என்பர்.

உடலுழைப்பு யாருடையது?

பெரும்பாலும் தண்டனைக் கைதிகளுடையது. அரசு அவர்களைத் தனியாருக்கு ஒதுக்கித் தந்தது; கூலியின்றி அல்லது சொற்பக் கூலிக்கு உழைத்தார்கள்; தவறினால் கசையடி. தனிக்குடிலில் மாதக்கணக்கில் ஆடு மேய்த்த கைதி இடையர்களின் பெயர்கள் பட்டியல்களில் மட்டும் வாழ்கின்றன. கைதிகளை அனுப்புவது 1830களின் இறுதியில் முடிவை நெருங்கியபோது, மக்கார்தர்கள் இங்கிலாந்தின் டார்செட்டிலிருந்து உழவர் குடும்பங்களையும், 1838இல் ஜெர்மனியின் ரைன் பகுதியிலிருந்து திராட்சைத் தோட்டக்காரர்கள் ஆறு குடும்பத்தாரையும் வரவழைத்தனர்.

அவர்களுடைய பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

வளர்ந்து ஆளானவர்கள் எழுவர். மூத்தவர் எட்வர்ட் பிரிட்டிஷ் இராணுவத்தில் சேர்ந்து நெப்போலியப் போர்களில் பங்கேற்று, 1856இல் விக்டோரியா காலனியின் நிர்வாகியாக இருந்தார். இரண்டாவது மகன் ஜான் லண்டனில் வழக்கறிஞராகிக் குடும்பத்தின் கண்ணும் காதுமாக விளங்கினார். 1801இல் ஏழு வயதில் தந்தையோடு கப்பலேறிய அவர், 1831இல் லண்டனிலேயே இறந்தார். இடையில் ஒரு முறையும் தாயைப் பார்க்கவில்லை. தாயும் பிறந்த மண்ணுக்குத் திரும்பவே இல்லை.

மகள்களில் எலிசபெத் நோயாளியாகத் தாயோடு இருந்துவிட்டார்; நில அளவையாளரும் நாடாய்வாளருமான ஜான் ஆக்ஸ்லி அவரைக் கேட்டார், கடன்காரர் என்பதால் அப்பேச்சு முறிந்தது. மேரி அரசு மருத்துவர் ஜேம்ஸ் போமனை மணந்தார். கடைக்குட்டி எம்மலின் மணந்த ஹென்றி பார்க்கர் 1856இல் நியூ சவுத் வேல்ஸ் முதலமைச்சரானார்.

காம்டனை உண்மையில் கட்டியெழுப்பியவர்கள் ஜேம்ஸும் வில்லியமும். 1815, 1816 ஆண்டுகளில் தந்தையோடு பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் நடந்து திரிந்து திராட்சை பயிரிடலைப் பார்த்தவர்கள். ஜேம்ஸ் அரசியலுக்குப் போனார். வில்லியம் திருமணமே செய்துகொள்ளாமல் செடிகொடிகளோடு வாழ்ந்தார் எனலாம். அவருடைய நாற்றுப்பண்ணையிலிருந்து கேமிலியா, திராட்சைக் கொடி, பழமரக் கன்றுகள் காலனியெங்கும் பரவின. குடும்பத்தில் சண்டைக்குப் போகாத ஆண் யாரென்று கேட்டால் அவரைத்தான் காட்ட வேண்டும்.

உறவினர்களில் நொடித்துப் போனவர்களும் உண்டா?

உண்டு. ஜானின் அண்ணன் மகன் ஹானிபால் 1805இல் வந்து, ஆளுநர் கிங்கின் மகள் அன்னா மரியாவை 1812இல் மணந்தார். சித்தப்பாவைக் கப்பலேற்றி அனுப்பிய ஆளுநரின் வீட்டிலேயே பெண் எடுத்தது சிறு காலனியின் விசித்திரம். அவர் தலைமை வகித்த வங்கி 1843இல் மூழ்கியது. 1848இல் அவரும் திவாலானார். பாரமட்டா ஆற்றங்கரையில் இருந்த அவருடைய மாளிகை கன்னியர் மடமாயிற்று. 1961இல் அது இடிக்கப்பட்டது. மேரியின் கணவர் போமனும் அதே பத்தாண்டில் கடனில் வீழ்ந்தார்.

ஜானின் இறுதிக்காலம் எப்படி இருந்தது?

நெடுங்காலமாகவே எழுச்சிக்கும் சோர்வுக்கும் இடையே ஊசலாடிய மனம், 1830களின் தொடக்கத்தில் முற்றிலும் நிலைகுலைந்தது. மனைவியின் கற்பை ஐயுற்றார். மகள்கள் திருடுவதாகக் குற்றம் சாட்டினார். எலிசபெத் தம் பெயர் தாங்கிய வீட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது. 1832இல் ஜான் சித்தசுவாதீனம் இழந்தவர் என்று அறிவிக்கப்பட்டது. கட்டடக்கலைஞர் ஜான் வெர்ஜ் வரைந்த காம்டன் பார்க் மாளிகை எழும்பிக்கொண்டிருந்தபோதே, 1834 ஏப்ரலில் அருகிலிருந்த குடிலில் அவர் இறந்தார். எலிசபெத் மேலும் பதினாறு ஆண்டுகள் வாழ்ந்து 1850 பிப்ரவரியில் மறைந்தார்.

‘பன்யிப் பிரபுக்கள்’ என்ற கேலிக்கும் இக்குடும்பத்துக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. 1853இல் காலனிக்கென்று பரம்பரைப் பிரபுக்கள் அவை ஒன்றை ஏற்படுத்தும் யோசனை எழுந்தது. அயர்லாந்துக் கைதிகளுக்குப் பிறந்த இளம் பேச்சாளர் டேனியல் டெனிஹி, பழங்குடியினர் கதைகளில் வரும் சதுப்புநிலப் பூதமான பன்யிப்பின் பெயரால் அந்த வருங்காலப் பிரபுக்களைக் கிண்டல் செய்தார். ஜேம்ஸ் மக்கார்தரைக் ‘காம்டன் பிரபு’ ஆக்கி, அவருடைய குலச்சின்னத்தில் பச்சைப் பின்னணியில் ஒரு சாராயப் பீப்பாய் இருக்கட்டும் என்றார். கூட்டம் சிரித்தது, யோசனை அதோடு எழவில்லை.

அமெரிக்கத் தளபதி டக்ளஸ் மக்கார்தர் இவர்களுக்கு உறவா?

இக்குடும்பத்தின் வழிவந்தவர் அல்லர். அவருடைய பாட்டனார் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்.

இப்போதுள்ள வழித்தோன்றல்கள் ஏன் மக்கார்தர்-ஆன்ஸ்லோ எனப்படுகின்றனர்?

ஜேம்ஸின் ஒரே மகள் எலிசபெத் 1867இல் கடற்படைத் தலைவர் ஆர்தர் ஆன்ஸ்லோவை மணந்தார். பிற ஆண்மக்களுக்குச் சட்டப்படி வாரிசு இல்லாததால் சொத்து முழுவதும் அவரிடம் வந்து சேர்ந்தது. கணவர் இறந்தபின் 1892இல் இரு பெயர்களையும் இணைத்துக்கொண்டார். பாட்டியைப் போலவே இவரும் கணவர் துணையின்றிப் பண்ணையை நடத்தி, அங்கே பால்பண்ணைத் தொழிலை விரிவாக்கினார்.

இன்று எவற்றைப் பார்க்கலாம்?

எலிசபெத் பண்ணை வீட்டைக் குடும்பம் 1881இல் விற்றுவிட்டது. 1984 முதல் அது அருங்காட்சியகம். காம்டன் பார்க் மாளிகையில் வழித்தோன்றல்களே இன்னும் வசிக்கின்றனர். ஆண்டுக்கொரு முறை பொதுமக்களுக்குத் திறந்துவிடுகின்றனர். அருகிலுள்ள பெல்ஜெனி பண்ணையின் பழைய தொழுவங்களும் குடில்களும் மாநில அரசின் பராமரிப்பில் உள்ளன. ஆப்பின் படுகொலை நடந்த நிலப்பரப்பு 2022இல் மாநிலப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது; காம்டனுக்குப் போகிறவர்கள் அங்கும் போய்வருவது நல்லது, இரண்டுக்கும் இடையே தொலைவு அதிகமில்லை.

மந்தையும் எஞ்சியிருக்கிறது. வெளி இரத்தம் கலக்காமல் காக்கப்பட்டு வரும் காம்டன் பார்க் மெரினோக்கள், உடல் சிறுத்து, தோல் மடிப்புகள் குறைந்து, பெரும் பண்ணைகளின் இக்கால மெரினோவினின்று வேறாகத் தோன்றுகின்றன. இன்றைய கணக்கில் அவற்றின் கம்பளி விளைச்சல் குறைவு. குடும்பத்தின் பழைய மேய்ச்சல் நிலத்தில் அமைந்த அரசு வேளாண் ஆய்வு நிலையத்துக்கு எலிசபெத் மக்கார்தரின் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது.